பண்ணைப் பங்கு: வடசென்னை வீடுகளிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஒரு பட்டத்துக்கான (ஒரு விதைப்புப் பருவத்துக்கான) பணத்தை முன்கூட்டியே விவசாயியிடம் கொடுத்துவிட்டு, அந்த நிலத்தில் விளைவதை வாரா வாரம் பிரித்து எடுத்துக்கொள்வதுதான் பண்ணைப் பங்கு. செங்குன்றம், பெரியபாளையம், பொன்னேரி வட்டாரத்து இயற்கை விவசாயப் பண்ணைகளில் இப்படிச் சேர யோசிக்கும் பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளிலிருந்து வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பண்ணைக்குப் பண்ணை விதிகள் கொஞ்சம் மாறும். எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

ஆன்லைன்ல காய் ஆர்டர் பண்ற மாதிரிதானே இது? பேரு மட்டும் வேறயா?

இல்லை. ஆர்டரில் நீங்கள் கேட்டது வரும், பங்கில் விளைந்தது வரும். சந்தையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தொட்டாலும் உங்கள் பங்குத் தொகை ஏறாது. அதே தக்காளி மழையில் அழுகினால் உங்கள் பைக்கும் வராது. விதைக்கும் முன்பே கையில் பணம் இருப்பதால் விவசாயி வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை, விளைந்ததைக் கோயம்பேட்டில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதும் இல்லை. லாபமும் நட்டமும் இரு பக்கமும் பகிரப்படுகிறது.

சீட்டு கட்டுவது மாதிரி என்று நினைத்துச் சேர்கிறவர்கள் உண்டு. சீட்டில் கடைசியில் கைக்கு வருவதற்கு ஒரு கணக்கு இருக்கும். இதில் வாரம் எத்தனை கிலோ என்பதற்கு உத்தேசம் மட்டுமே உண்டு, உத்தரவாதம் கிடையாது. இந்த ஒன்று ஒத்துவராது என்றால் இயற்கை அங்காடியில் கிலோ கணக்கில் வாங்குவதே நல்லது. அதில் தப்பொன்றும் இல்லை.

ஒரு பங்குன்னா எவ்ளோ வரும்? நாங்க நாலு பேர்.

நான்கு பேர் வீட்டுக்கு ஒரு முழுப் பங்கு என்பது பொதுவான அளவு, வாரம் 5 முதல் 7 கிலோ. புரட்டாசி மாதத்துப் பை ஒன்றைத் திறந்தால் உள்ளே இருப்பது: வெண்டை 1 கிலோ, கத்தரி 1 கிலோ, புடலை 1 கிலோ, முள்ளங்கி முக்கால் கிலோ, கொத்தவரை அரை கிலோ, பாகல் அரை கிலோ, பச்சை மிளகாய் ஒரு கைப்பிடி, அதோடு நாலு கட்டுக் கீரை. எடை போட்டால் 6 கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின்.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அரைப் பங்கு போதும். அரைப் பங்கு இல்லாத பண்ணையில், பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரு முழுப் பங்கு எடுத்து வாரம் மாற்றி வாரம் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பையை வாரா வாரம் இரண்டாகப் பிரிப்பதைவிட இதில் சண்டை குறைவு. வெங்காயம், உருளை, இஞ்சி, பூண்டு எதுவும் பங்கில் வராது. அவற்றுக்குக் கடைதான்.

மொத்தம் எவ்ளோ ஆகும்? கடையில கிலோ 40 ரூபாய்க்கு கிடைக்குதே, அப்புறம் ஏன்?

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்று ஏக்கர் நிலம், 60 குடும்பம், 16 வார அறுவடை. நாற்று விட்டது முதல் கடைசிப் பை வரை ஆறு மாதம். மூன்று பேருக்கு மாதம் 26 நாள், நாளுக்கு 500 ரூபாய் கூலி என்றால் ஆறு மாதத்துக்கு 2,34,000. விவசாயியின் சம்பளம் மாதம் 25,000 வீதம் 1,50,000. விதையும் இடுபொருளும் 30,000. நகரத்துக்கு வண்டி, நடைக்கு 2,500 வீதம் 16 நடைக்கு 40,000. சொட்டுநீர்க் குழாய், மோட்டார் பழுது 20,000. புயலுக்கும் மறுவிதைப்புக்கும் ஒதுக்கீடு 26,000. ஆக 5 லட்சம். ஒரு குடும்பத்துக்கு 8,333 ரூபாய், வாரத்துக்கு 521 ரூபாய். 6 கிலோ வந்தால் கிலோ 87 ரூபாய் விழும்.

கடையோடு ஒப்பிட்டால் கூடுதல்தான், மறைக்க ஒன்றுமில்லை. கணக்கைத் திரும்பப் பாருங்கள்: பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கூலிக்கே போகிறது. களைக்கொல்லி அடித்தால் ஒரு ஆள் அரை நாளில் முடிக்கும் வேலையை இங்கே நாலு பேர் இரண்டு நாள் குனிந்து பிடுங்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பண்ணைகள் பாதியை விதைப்புக்கு முன்பும் மீதியை முதல் அறுவடையின்போதும் வாங்கும். மாதத் தவணையும் சில இடங்களில் உண்டு. சேரும் முன் மேலே உள்ளது போன்ற வரவு செலவை எழுத்தில் கேளுங்கள். அதில் விவசாயியின் சம்பளம் என்று ஒரு வரி இல்லாவிட்டால் எச்சரிக்கையாக இருங்கள். தனக்குக் கூலி போடாத பண்ணை இரண்டாம் வருடம் நிற்பது கஷ்டம்.

எந்த மாசம் என்ன வரும்? கேரட், பீன்ஸ் உண்டா?

கேரட், பீன்ஸ், உருளை கிடையாது. அவை நீலகிரி, கொடைக்கானல், ஓசூர் குளிருக்கு விளைபவை. திருவள்ளூர் மாவட்டத்துச் சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் காலிஃபிளவரும் பீட்ரூட்டும் கொஞ்சம் முயலலாம், அவ்வளவுதான்.

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதை வைத்தே வருடம் ஓடுகிறது. ஆடியில் விதைத்தால் ஆவணியில் கீரையும் முள்ளங்கியும், பிறகு வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை என்று வரிசையாக வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை மாதங்கள். கீரை அழுகும், பை இளைக்கும். மார்கழி முதல் மாசி வரைதான் வருடத்தின் சிறந்த பை: பந்தல் அவரை, மொச்சை, தக்காளி, கத்தரி, முள்ளங்கி, பொங்கலுக்குச் சர்க்கரைவள்ளி. தைப் பட்டத்தில் போட்ட சுரை, பூசணி, வெள்ளரி, பீர்க்கன் பங்குனி, சித்திரையில் குவியும். முருங்கைக்காயும் அப்போதுதான். அக்னி நட்சத்திரத்துக்குப் பிறகு ஆடி வரை பல பண்ணைகள் நிலத்துக்கு ஓய்வு கொடுத்து, மண்ணுக்கு உரமாகத் தக்கைப்பூண்டோ பலதானியமோ விதைத்து மடக்கி உழுதுவிடும். அந்த வாரங்களில் பை வராது, அதற்குப் பணமும் வாங்க மாட்டார்கள்.

எந்தக் காய் எத்தனை நாளில் வரும் என்று தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். முளைக்கீரை, சிறுகீரை 21 முதல் 25 நாள். முள்ளங்கியும் வெண்டையும் சுமார் 45 நாள். கத்தரி, நாற்று நட்டதிலிருந்து இரண்டு மாதம். பூசணி மூன்று மாதம்.

நடுவுல சேர முடியுமா?

யாராவது விலகினால் முடியும். மற்றபடி விதைப்புக்கு ஒன்றரை மாதம் முன்பே சேர வேண்டும், அதாவது ஆடிப் பட்டத்துக்கு வைகாசிக் கடைசி, தைப் பட்டத்துக்குக் கார்த்திகை. எத்தனை குடும்பம் என்பதை வைத்துத்தான் எத்தனை பாத்தி, எத்தனை நாற்று என்று முடிவாகிறது. கேட்டதும் சேர்த்துக்கொள்ளும் பண்ணையிடம், கூடுதல் பைக்குக் காய் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் தண்ணியே உப்பாச்சே. மணலி புகை வேற. அங்க விளையறது எப்படிங்க ஆர்கானிக் ஆவும்?

நியாயமான கேள்வி. சென்னைக்குக் குடிநீர் கொடுத்த மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது உண்மை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். ஆனால் கழிமுகத்துத் தண்ணீரை யாரும் வயலுக்குப் பாய்ச்சுவதில்லை. கடற்கரையை விட்டு மேற்கே பெரியபாளையம், ஊத்துக்கோட்டை நோக்கிப் போகப் போகத் தண்ணீர் பொதுவாகத் தேறும். அதற்காக ஊர்ப் பெயரைக் கேட்டே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பக்கத்துப் பக்கத்துக் கிணறே வேறுபடும்.

ஆகவே கேட்க வேண்டியது பாசன நீர்ப் பரிசோதனைத் தாள். அதில் மின்கடத்தும் திறன் என்ற வரியைப் பாருங்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதைக் காட்டுவது அதுதான். மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழ் என்றால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் தாங்காது. இடையில் இருந்தால் பயிரைத் தேர்ந்து போட வேண்டும்: அவரை, முள்ளங்கி, வெங்காயம் முதலில் படுத்துவிடும், பீட்ரூட்டும் பாலக்கீரையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பண்ணைக்குப் போகும்போது கீழ் இலைகளின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் மட்டும் தீய்ந்தாற்போல் பழுப்பாக இருந்தால் உப்பாக இருக்க வாய்ப்பு உண்டு.

தொழிற்சாலைக் கழிவு என்பது வேறு கணக்கு. சாதாரண மண் பரிசோதனை கார அமில நிலையையும் சத்துகளையும் சொல்லுமே தவிர ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களைச் சொல்லாது. அதற்குத் தனியாகப் பணம் கட்டிச் சோதிக்க வேண்டும். மணலி, எண்ணூருக்கு அருகில் உள்ள நிலமென்றால் அந்தத் தாள் இல்லாமல் சேர வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. இயற்கைச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. காரணம் அடுத்த பதிலில்.

சர்டிஃபிகேட் இருக்கா? இல்லன்னா எப்படி நம்பறது?

சான்றிதழ் என்பது விளைவிக்கும் முறைக்குத் தருவது. ரசாயன உரம், பூச்சிக்கொல்லி, மரபணு மாற்றிய விதை பயன்படுத்தவில்லை, பதிவேடு ஒழுங்காக இருக்கிறது என்று அது சொல்லும். ஒவ்வொரு வெண்டைக்காயையும் சோதித்தோம் என்று சொல்லாது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, மூன்றாம் தரப்புச் சான்று. ஆய்வாளர் வந்து பார்ப்பார். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இதைச் செய்கிறது. இன்னொன்று பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் ஆய்வு செய்வார்கள். பங்குப் பண்ணைகளுக்கு இரண்டாவதே தோது, செலவும் குறைவு. எந்த வழியானாலும் ரசாயனத்தை நிறுத்திய உடனே சான்று கிடைத்துவிடாது. இரண்டு மூன்று வருடம் மாறுதல் காலம். அந்த நிலையில் இருக்கும் பண்ணை ‘மாறிக்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்ல வேண்டும்.

2017-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, விளைவித்த சிறு உற்பத்தியாளரே நேரடியாக உண்பவருக்கு விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் சான்று இல்லாமல், இயற்கை உணவுக்கான ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போடக் கூடாது. ஆக, சான்று இல்லாத பண்ணை ஏமாற்றுகிறது என்று பொருளில்லை. முத்திரையை மட்டும் பையில் அச்சடித்துவிட்டுச் சான்று எண் கேட்டால் மழுப்பும் பண்ணைதான் பிரச்சினை.

மருந்து அடிக்கலன்னு சொல்றீங்க. அதான் கத்திரிக்காய்ல புழு இருக்கு.

இருக்கும். கத்தரியின் தண்டு மற்றும் காய்த்துளைப்பான் இயற்கை விவசாயத்தின் தீராத தலைவலி. அந்துப்பூச்சி இலையில் முட்டையிடும், குஞ்சுப் புழு முதலில் குருத்துக்குள் நுழையும். செடி நன்றாக இருக்க நுனி மட்டும் தலை தொங்கினால் அதுதான். காய் பிடித்ததும் காம்பை ஒட்டி ஊசி முனையளவு துளை போட்டு உள்ளே போகும். அந்தத் துளை பிறகு மூடிக்கொள்வதால் வெளியே தெரியாது. நீங்கள் பார்க்கும் பெரிய வட்டத் துளை பெரும்பாலும் புழு வெளியேறிய வழி. அதனால்தான் ஓட்டையுள்ள காயில் புழு இல்லாமலும், பளபளவென்ற காயில் புழு இருந்தும் வீட்டில் குழப்பம் வருகிறது.

பண்ணையில் செய்வது: தொங்கிய நுனிகளை வாராவாரம் ஓர் அங்குலம் கீழே சேர்த்துக் கிள்ளி எரிப்பது, ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் இழுத்துப் பிடிப்பது), 5 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டராக்கிய கரைசலை மாலையில் தெளிப்பது. ஒரு வாரம் கிள்ளத் தவறினால் அடுத்த இரண்டு பறிப்பு போச்சு. வீட்டில், நறுக்கியதும் உப்புத் தண்ணீரில் போடுங்கள். புழுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். பத்தில் ஒன்றிரண்டு காய் இப்படி என்றால் சகித்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி என்றால் புகார் செய்யுங்கள், பறித்த இடத்திலேயே கழித்திருக்க வேண்டும். வெண்டை வெளிறி மஞ்சளாக வந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் நோய். பார்க்க நன்றாக இருக்காது, சாப்பிடக் கெடுதல் இல்லை.

ஆர்கானிக் சாப்டா சுகர் குறையுமா?

அப்படி யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கே வந்து குடுப்பாங்களா? நான் டூட்டி முடிச்சு வர ராத்திரி ஆயிடும்.

பெரும்பாலும் வீட்டுக்கு வராது. ஒரு பகுதிக்கு ஓர் இடம், ஓர் உறுப்பினர் வீட்டு வாசலோ, கடைத் திண்ணையோ, அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடமோ இருக்கும். காய் முந்தின நாள் மாலை அல்லது விடியற்காலையில் பறிக்கப்பட்டு, மூலக்கடை, மாதவரம் நெரிசல் தொடங்கும் முன் வந்து இறங்க வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் வண்டி மாட்டினால் கீரை அங்கேயே வாடிவிடும். அதனால் அந்தப் பகுதிக்கு ஞாயிறு காலை தோது.

பெயர்ச் சீட்டு ஒட்டிய பைகள் நிழலில் இருக்கும். நீங்கள் காலிப் பையைக் கொடுத்து நிறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். காலிப் பை திரும்பாததுதான் இந்த இடங்களில் நடக்கும் ஓயாத வாக்குவாதம். இரவாகும் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், கீரையை மட்டும் ஈரத்துணி போர்த்தி வைப்பார்கள். மறுநாள் காலை வரை எடுக்காத பையைப் பக்கத்தில் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவது பல இடங்களில் விதி. ஊருக்குப் போவதாக இருந்தால் மூன்று நாள் முன்பு சொன்னால் உங்கள் பங்கை வேறொருவர் அந்த வாரம் எடுத்துக்கொள்வார்.

கீரை ரெண்டே நாள்ல மஞ்சளாவுது. எப்படி வெச்சிக்கறது?

கட்டி வைத்த ரப்பர் பேண்டை முதலில் கழற்றுங்கள். இறுக்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்குகிறது. வேரை நறுக்குங்கள், கழுவாதீர்கள். பழைய வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். முருங்கைக்கீரையைத் துணியில் மூட்டையாகக் கட்டி ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் காலையில் இலை தானாக உதிரும், உருவும் வேலை மிச்சம்.

முள்ளங்கியின் இலையை வந்த உடனே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கு நெட்டியாகிவிடும். அந்த இலை பருப்பு போட்டுப் பொரியலுக்கு நல்லது. கத்தரி, வெண்டை, வெள்ளரி மூன்றுக்கும் கடுங்குளிர் ஆகாது, கத்தரியில் பழுப்புப் புள்ளி விழும். தக்காளி, பூசணி, சர்க்கரைவள்ளி வெளியிலேயே இருக்கட்டும். சமைக்கும் வரிசையையும் இதை வைத்தே போடுங்கள்: முதல் இரண்டு நாள் கீரை, நடுவில் வெண்டையும் கத்தரியும், வாரக் கடைசியில் பூசணி, சுரை.

எங்க வீட்ல பாகக்காய் யாரும் தொட மாட்டாங்க. மாத்திக்கலாமா? ஒரு வாரம் அஞ்சு கிலோ சுரைக்காயா வந்துச்சே, அத என்ன பண்றது?

எடுக்கும் இடத்தில் ஒரு மாற்றுக் கூடை இருக்கும். வேண்டாததைப் போட்டுவிட்டு அதே எடைக்கு வேறு எடுக்கலாம். முந்தி வந்தவருக்கு வாய்ப்பு அதிகம். எல்லோருமே பாகற்காயைப் போட்டுவிட்டுப் போனால் பட்டத்தின் கடைசியில் நடக்கும் கூட்டத்தில் சொல்லுங்கள், அடுத்த முறை கொடியைக் குறைப்பார்கள்.

குவியலுக்குக் காரணம் கொடிப்பயிர்கள் ஒரே சமயத்தில் காய்ப்பது. இரண்டு வாரம் இடைவெளி விட்டு மூன்று தவணையாக விதைத்தால் தணியும். பண்ணை அப்படிச் செய்கிறதா என்று கேளுங்கள். வந்துவிட்ட சுரைக்காய் கூட்டு, அடை மாவு, தோல் துவையல் என்று போகும். மிஞ்சிய கொத்தவரையை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்தால் வற்றல். பாகலையும் வெண்டையையும் மோரில் ஊறவைத்துக் காயப்போடலாம். சித்திரை வெயிலில் இது சுலபம், ஐப்பசியில் முயன்றால் பூசணம்தான் மிஞ்சும். முருங்கையும் கத்தரியும் மாங்காயும் ஒரே வாரம் வந்தால் வடசென்னையில் யாருக்கும் யோசனை சொல்ல வேண்டியதில்லை, கருவாட்டுக் குழம்பு இருக்கிறது.

அரிசி, பருப்பெல்லாம் குடுப்பாங்களா?

சில பண்ணைகளில் தனிப் பங்காக உண்டு. இந்த மாவட்டத்தில் நெல் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவம். தூயமல்லி, சீரகச் சம்பா போன்ற பாரம்பரிய ரகங்களைப் பெரும்பாலும் சம்பாவில் போட்டு, தை அறுவடைக்குப் பிறகு தருவார்கள். மருந்து வைக்காத அரிசியில் வண்டு சீக்கிரம் விழும், ஆகவே ஒரே தடவையில் 25 கிலோ வாங்காமல் மாதம் 5 கிலோ கேளுங்கள்.

பண்ணைக்குப் போயி வேலை செய்யணுமா? பசங்கள கூட்டினு போலாமா?

கட்டாயம் இல்லை. ஆனால் பட்டத்துக்கு ஒரு தடவையாவது போவது நல்லது, நீர்ப் பரிசோதனைத் தாளையும் விதைப்புப் பதிவேட்டையும் நேரில் பார்க்கலாம். பொன்னேரிப் பக்கம் என்றால் கும்மிடிப்பூண்டி ரயில், தண்டையார்பேட்டை, திருவொற்றியூரிலிருந்தே ஏறலாம். பெரியபாளையம் பக்கம் என்றால் செங்குன்றம் வழியாகப் பேருந்து.

காலை ஏழிலிருந்து பத்துக்குள் வேலை முடியும். தொப்பி, முழுக்கைச் சட்டை, செருப்புக்குப் பதில் ஷூ. பிள்ளைகளுக்கு வெண்டைக்காய் பறிக்க ஆசை இருக்கும். வெண்டைச் செடியின் சுணை பட்டால் கை அரிக்கும், பழைய சாக்ஸை விரல் தெரிய வெட்டி மாட்டிவிடுங்கள். காயை இழுக்காமல் காம்போடு நறுக்கச் சொல்லிக்கொடுங்கள். கிணற்று மேட்டுக்கு மட்டும் தனியாக விடாதீர்கள்.

மழையில எல்லாம் போச்சுன்னா காசு திரும்ப வருமா?

வராது. பங்கு என்பதன் பொருளே அதுதான். 2015 டிசம்பர் வெள்ளம், 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம் என்று இந்தப் பகுதிக்கு டிசம்பர் எப்போதும் சந்தேகமான மாதம். 16 வாரத்தில் இரண்டு மூன்று வாரம் பை இளைக்கும் என்று வைத்துக்கொண்டே சேருங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று தெரிந்தால் காத்திருப்பது சுலபம். மூழ்கிய கீரை அழுகும். வேரில் தண்ணீர் தேங்கிய கத்தரி, வெயில் அடித்ததும் வாடி விழும். பந்தல் சாயும், முருங்கை ஒடியும். மண் கால் புதையாத பதத்துக்கு வரவே ஒரு வாரம் பத்து நாள். உடனே கீரை விதைத்தாலும் 25 நாள். ஆக ஐந்து வாரத்துக்கு உருப்படியான பை கிடையாது. மூன்றாவது பதிலில் 26,000 ரூபாய் ஒதுக்கீடு என்று ஒரு வரி வந்ததே, அந்த மறுவிதைப்புக்குத்தான் அது. இப்படி ஒதுக்கீடு இல்லாத பண்ணை, நடுவில் உங்களிடமே மறுபடி கையேந்தும். நல்ல பண்ணைகள் பை வராமல் போன வாரங்களில் சிலவற்றைப் பட்டத்தின் கடைசியில் கூட்டித் தருவதுண்டு. எத்தனை வாரம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே சமயம் மோட்டார் ரிப்பேரைப் பத்து நாள் பார்க்காமல் விட்டுப் பயிர் காய்ந்தால் அது இயற்கைச் சீற்றம் இல்லை. அதற்குக் கேள்வி கேட்கலாம்.

கோயம்பேட்ல வாங்கி நம்ம பையில போட்டா எப்படிங்க கண்டுபுடிக்கறது?

முதல் சோதனை மாதம். மேலே சொன்ன மாத வரிசையோடு பையை ஒப்பிடுங்கள். கேரட், பீன்ஸ் வந்தால் அது இந்த மண்ணில் விளையவில்லை. வேறு விவசாயியிடம் வாங்கிச் சேர்த்தோம் என்று சீட்டில் எழுதியிருந்தால் அது நேர்மை, எழுதாமல் வந்தால் இல்லை.

இரண்டாவது, அளவு. ஒரே நிலத்தில் பறித்த கத்தரியில் பிஞ்சும் முற்றலும் கோணலும் கலந்திருக்கும். அறுபது பையிலும் ஒரே அளவுக் காய் என்றால் அது தரம் பிரித்த சந்தைச் சரக்காக இருக்கலாம். காம்பைப் பாருங்கள்: முந்தின நாள் பறித்த வெண்டையின் நுனி டக்கென்று ஒடியும், கத்தரிக் காம்பு பச்சையாக இருக்கும். மூன்றாவதும் உறுதியானதும் விதைப்புப் பதிவேடு. நாற்று நட்டு நாற்பது நாளில் கத்தரி வந்தால் கணக்கு இடிக்கிறது. புயலுக்கு அடுத்த வாரமே பை நிரம்பி வந்தால் சந்தோஷப்படாமல் விசாரியுங்கள்.

வீடு மாத்திட்டு தாம்பரம் போறோம். மீதி காசு?

உங்கள் இடத்துக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டால் மீதி வாரங்களுக்கான தொகையை அவரிடமே வாங்கிக்கொள்ளலாம். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் பண்ணையே ஆள் பார்க்கும். ஆள் கிடைக்காவிட்டால் பணம் திரும்பாது, ஏனென்றால் அது விதையாகவும் கூலியாகவும் ஏற்கனவே நிலத்தில் இறங்கிவிட்டது. ரசீது, பங்கு எண், மீதி வாரக் கணக்கு மூன்றும் கையில் இருந்தால் மாற்றிக் கொடுப்பது ஒரு போன் வேலை.

ஒரு இடத்துல ரெண்டு லட்சம் கட்டினா காயும் வரும், மாசா மாசம் லாபமும் வரும்னு சொல்றாங்க. அதுவும் இதேதானா?

இல்லவே இல்லை. பண்ணைப் பங்கில் திரும்பி வருவது காய் மட்டும். மாதம் இத்தனை ரூபாய் நிச்சயம் என்று யாராவது சொன்னால் அது விவசாயம் இல்லை, பொதுமக்களிடம் பணம் திரட்டும் திட்டம். 2012-ல் கொங்குப் பக்கம் ஈமு கோழித் திட்டங்களில் பணம் போட்டவர்கள் எப்படித் தெருவுக்கு வந்தார்கள் என்பது ஊரறிந்தது. அனுமதி இல்லாமல் இப்படி வைப்புத்தொகை வாங்குவதே 2019-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஏற்கனவே கட்டியிருந்தால் ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், அவர்கள் அனுப்பிய வாட்ஸாப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதல் இரண்டு மாத ‘லாபம்’ ஒழுங்காக வந்துவிட்டதே என்று இன்னொரு லட்சம் போடப் போகாதீர்கள்.